மண்ணுக்குள் போய்த் திரும்பிய கட்டி

1

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். வாக்கியத்தை எங்கே முடிப்பது என்று தெரியாமல், பேசுகிற மாதிரியே எழுதிக்கொண்டு போவேன். மறதியும் வந்துவிட்டது. ஆளின் பேர் நினைவிருந்தால் வருஷம் மறந்துவிடும், வருஷம் நினைவிருந்தால் ஆள் மறந்துவிடும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நம் கோயில் பத்திரிகையான பங்கு மலரை நடத்துகிற பிள்ளைகள், "அமெரிக்காவுல இருக்கீங்க, ரெண்டு பக்கம் எழுதி அனுப்புங்க" என்று இரண்டு கிறிஸ்துமஸாகக் கேட்டுவிட்டார்கள். எனக்கு நாலு பேர் முன்னால் பேசவே கூச்சம். எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்பதால் ஒத்துக்கொண்டேன்.

நியூஜெர்சியில் என் மகள் ஸ்டெல்லாவோடு இருக்கிறேன். வந்து மூன்று வருஷம் ஆகிறது. ஸ்டெல்லா இங்கே நர்ஸ். மருமகனுக்குக் கம்ப்யூட்டர் வேலை. பேரன் ஒருவன், கெவின். அவனுக்குத் தமிழில் வா, போ, சோறு, வேணாம் என்று நாலு வார்த்தை நன்றாக வரும். நான் என்ன கேட்டாலும் அந்த நாலில் ஒன்றைப் பொருத்திப் பதில் சொல்லிவிடுவான், பெரும்பாலும் சரியாகவே இருக்கும். காலையில் எல்லோரும் கிளம்பிய பிறகு வீட்டில் நானும் பாத்திரம் கழுவும் மெஷினும்தான். அதன் கழுவலில் எனக்கு நம்பிக்கையில்லை. அதனால் நான் கழுவிவிட்டுத்தான் அதற்குள் வைப்பேன்.

போன மாதம் குடியேற்ற ஆபீசில் கைரேகை வைக்கக் கூப்பிட்டார்கள். ஸ்டெல்லா லீவு போட்டுக் கூட்டிப் போனாள். இங்கே மையெல்லாம் கிடையாது. ஒரு கண்ணாடிமேல் விரலை வைத்தால் டிவியில் ரேகை தெரியும். எனக்கு முன்னால் போனவருக்குக் கோடு கோடாக அழகாக வந்தது. என் விரலை வைத்தால் வெறும் வெள்ளை. அழுத்தி வைத்தார்கள், உருட்டி வைத்தார்கள், ஈரத்துணியால் துடைத்து வைத்தார்கள். பத்து விரலில் இரண்டு சுண்டு விரல்தான் கொஞ்சம் தேறியது. மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த அம்மா, நல்ல உயரம், கறுப்பினத்தவர், சிரித்த முகம். என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார். ஸ்டெல்லா "ஹவுஸ் வொய்ஃப்" என்று சொன்னாள். பாரத்திலும் அப்படித்தான் எழுதியிருந்தாள். அந்த அம்மா என் விரல் நுனிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிறகு ஸ்டெல்லாவைப் பார்த்தார். இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லிச் சீட்டுக் கொடுத்தார்கள்.

காரில் ஏறியதும் கேட்டேன்.

"ஏன்டி, நான் வூட்டுலயா இருந்தேன்?"

"ஆஸ்பத்திரியில என்னமோ வேலைன்னு எழுதுனா அந்தக் கட்டத்துல எடம் பத்தாதும்மா."

"பக்கத்துக் கட்டத்துலயும் எழுதறது."

"பக்கத்துக் கட்டத்துல பொறந்த தேதி கேக்குறான். உன் வேலைய அங்க எழுதுனா நீ பொறக்கவே இல்லேன்னு அனுப்பிடுவான்."

இரண்டு பேரும் சிரித்தோம். அவளைக் குறை சொல்ல முடியாது. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே அவள் அமெரிக்கா வந்துவிட்டாள். "அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க" என்பதுதான் அவளுக்குத் தெரிந்தது. நான் அங்கே என்ன செய்தேன் என்று அவளும் கேட்டதில்லை, போன் பில் ஏறும் என்று நானும் சொன்னதில்லை. அதனால் இப்போது எழுதுகிறேன்.

2

ஸ்டெல்லா அப்பா போன பிறகு வரதராஜன்பேட்டை வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்க எனக்குப் பிடிக்கவில்லை. தொண்ணூற்றைந்தில் பெரம்பலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்தேன். என்னைச் சதைப் பரிசோதனை அறைக்குக் கூட்டிப் பெருக்கப் போட்டார்கள். ஆபரேஷனில் எடுக்கிற கட்டி, கர்ப்பப்பை, பித்தப்பை எல்லாம் அங்கே வரும். அது நல்லதா கெட்டதா என்று பார்த்து எழுதிக் கொடுக்கிற இடம். அங்கே டெக்னீசியனாக இருந்த பையன் ஒரு வருஷத்தில் மஸ்கட் போய்விட்டான். வேறு ஆள் வரவில்லை. திருச்சியிலிருந்து செவ்வாயும் சனியும் வருகிற வசந்தா டாக்டரம்மா என்னைப் பார்த்து, "அவன் பண்ணதையெல்லாம் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டுத்தான இருந்த? இனிமே நீ பண்ணு" என்றார்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதுங்களே."

"சதைக்கும் தெரியாது. பண்ணு."

அப்படித்தான் ஆரம்பித்தது. டாக்டரம்மா சுண்டைக்காய் அளவில் துண்டு வெட்டிக் கொடுப்பார். அதில் இருக்கிற தண்ணீரெல்லாம் போக ஸ்பிரிட்டில் ஊறப்போட வேண்டும். பிறகு சைலீன் என்று ஒரு மருந்து, அதன் பிறகு உருக்கிய மெழுகு. பித்தளை அச்சில் துண்டை வைத்து மெழுகை ஊற்றி ஆறவிட்டால் சின்னச் சோப்பு மாதிரி வரும். அதை மெஷினில் மாட்டிச் சுற்றினால் கத்தி சீவிச் சீவி ரிப்பனாக இறக்கும். வெங்காயச் சருகைவிட மெல்லிசு. மூச்சு விட்டால் பறந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் அதை மிதக்கவிட்டு, சுருக்கம் விரிந்ததும் கண்ணாடித் துண்டில் ஏந்தி எடுத்துச் சாயம் கொடுப்போம். ஊதாவும் ரோஸும். அந்த இரண்டு நிறமும் அவ்வளவு பொருந்தி நான் எந்த ஜவுளிக் கடையிலும் பார்த்ததில்லை.

எனக்கு அந்த வேலை அவ்வளவு பிடித்தது. பாட்டில்களோடு பேச வேண்டியதில்லை. கூச்சமுள்ளவளுக்கு அதைவிட நல்ல உத்தியோகம் உண்டா? கையுறை போட்டால் ரிப்பன் ஒட்டிக்கொள்ளும் என்று வெறும் கையாலேயே செய்தேன். ரேகை போனது அதனாலா, வயதாலா என்று எனக்குத் தெரியாது.

ஒரே ஒரு கண்டிப்பு. ஒவ்வொரு சதைக்கும் ஒரு நம்பர். அதைச் சீட்டில் பென்சிலால்தான் எழுத வேண்டும், ஏனென்றால் பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். சீட்டு சதையோடு சேர்ந்து பாட்டிலுக்குள் கிடக்கும். பேரைப் பார்க்காதே, நம்பரைப் பார் என்று டாக்டரம்மா தினமும் சொல்வார். நான் எத்தனையோ ஆயிரம் சீட்டு எழுதியிருக்கிறேன். ஒரே ஒரு தடவை பார்க்காமல் விட்டேன்.

3

எங்கள் ஆஸ்பத்திரியில் எடுத்தது மட்டுமல்ல, அரியலூர், ஜெயங்கொண்டம் பக்கம் ஆபரேஷன் செய்ததையும் கொண்டுவருவார்கள். கொண்டுவருவது யார்? வீட்டுக்காரர்கள்தான். டாக்டர் ஒரு பாட்டிலில் போட்டுக் கையில் கொடுத்துவிடுவார், இவர்கள் பஸ் ஏறிவிடுவார்கள். ஹார்லிக்ஸ் பாட்டில், தேன் பாட்டில், ஒருவர் தூக்குவாளியில்கூடக் கொண்டுவந்தார். அரும்பாவூரில் இருந்து ஒருவர் தன் அம்மாவின் கர்ப்பப்பையைக் கொண்டுவந்தார். திறந்தால் மஞ்சள். சதை கெடாமல் இருக்க ஊற்றுகிற பார்மலின் மருந்து நெடியில் பஸ்ஸில் எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதாம். அதனால் இறங்கி மருந்தைக் கொட்டிவிட்டு, உப்பும் மஞ்சளும் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்திருக்கிறார்.

டாக்டரம்மாவுக்குக் கோபம். "மொளகாத்தூள் மட்டும் ஏன்யா விட்டுட்ட? அதையும் போட்டிருந்தா ஊறுகாய் ஆயிருக்கும்ல?"

"போடலாம்னுதாங்க பாத்தோம். எரியும்னு அம்மா வேணாம்னுடுச்சிங்க" என்றார் அவர்.

நான் சிரிப்பை அடக்க முடியாமல் சாய அறைக்குள் ஓடிவிட்டேன்.

லப்பைக்குடிக்காட்டுப் பாய்மார்கள் வழக்கம் வேறு. உடம்பிலிருந்து எடுத்தது எதுவானாலும் அதைக் குப்பையில் போட மாட்டார்கள், கபர்ஸ்தானில் அடக்கம் செய்வார்கள். ரிப்போர்ட் எழுதின பிறகு மிச்சத்தைக் கேட்டு வருவார்கள். முதலில் ஒருவர் வந்து தயங்கித் தயங்கிக் கேட்டபோது எனக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. டாக்டரம்மாவும் சரி என்றார். அதிலிருந்து வேலை முடிந்த சதையை அதன் சீட்டோடு, காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணியில் சுற்றி வைத்துவிடுவேன். கேட்டு வந்தால், அந்தச் சுற்றோடு தண்ணீரில் அலசி, மேலே வெள்ளைத் துணியில் முடிச்சுப் போட்டுக் கொடுப்பேன். காஸைப் பிரித்துப் பார்க்க மாட்டேன். வேலை முடிந்தாயிற்று, இனி அடக்கத்துக்குப் போகிறது, அதைத் திரும்ப ஒரு தடவை திறந்து பார்ப்பது மரியாதையில்லை என்று எனக்குள் ஒரு எண்ணம். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நானாக வைத்துக்கொண்டது.

அந்த மரியாதைதான் என்னை மாட்டிவிட்டது.

4

தொண்ணூற்றெட்டு என்று நினைக்கிறேன். லப்பைக்குடிக்காட்டைச் சேர்ந்த இரண்டு பாத்திமா பீவிகளின் பாட்டில்கள் அலமாரியில் இருந்தன. ஒருவர் ஐம்பது வயதுக்காரர், காசிம் பாயின் மனைவி. முதுகில் இருந்த கொழுப்புக் கட்டி. பார்த்து முடித்து, ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட்டும் போய்விட்டது. இன்னொரு பாத்திமா பீவி இருபத்து மூன்று வயதுப் பெண். கைக்குழந்தைக்காரி. புருஷன் சவுதியில். மார்பில் எலுமிச்சம்பழம் அளவு கட்டி. சனிக்கிழமை டாக்டரம்மா கிளம்பிய பிறகு ஆபரேஷனில் எடுத்தார்கள். மருந்து உள்ளே இறங்கக் கட்டியின் நடுவில் ஒரு கீறல் போட்டு, காஸில் சுற்றி, பாட்டிலில் போட்டு அனுப்பியிருந்தார்கள். நான் நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதிய சீட்டைக் காஸுக்குள் செருகி வைத்தேன். செவ்வாய்க்கிழமை டாக்டரம்மா வந்து பார்க்க வேண்டும். கெட்ட கட்டி என்றால் மார்பையே எடுத்துவிட வேண்டும் என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் பெண் அதைக் கேட்டதிலிருந்து யாரிடமும் பேசவில்லை என்று வார்டு நர்ஸ் சொன்னார்.

திங்கட்கிழமை மத்தியானம் காசிம் பாய் வந்தார். "பாத்திமா பீவியோடத வாங்கிட்டுப் போவலாம்னு வந்தேம்மா" என்றார். நான் போய்ப் பாட்டிலில் ஒட்டியிருந்த பேரைப் பார்த்தேன். எடுத்தேன். காஸ் சுற்றியிருந்தது. அலசினேன், முடிச்சுப் போட்டேன், இரண்டு கையாலும் கொடுத்தேன். "ஜஸாக்கல்லாஹ்" என்று நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.

செவ்வாய் காலையில் டாக்டரம்மா வருவதற்கு முன் பாட்டில்களை வரிசையாக வைத்தேன். பாத்திமா பீவி பாட்டிலைத் திறந்து, காஸைப் பிரித்துச் சீட்டைப் பார்த்தால் போன வார நம்பர். அதோடு இருந்தது ஏற்கெனவே துண்டு துண்டாக வெட்டிய கொழுப்பு. அந்தச் சின்னப் பெண்ணின் கட்டி, இன்னும் யார் கண்ணும் பார்க்காத கட்டி, லப்பைக்குடிக்காட்டில் மண்ணுக்குள் இருக்கிறது. அது இல்லையென்றால் நல்லதா கெட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது. கட்டியைத் திரும்ப எடுக்க முடியுமா? பயந்துகொண்டு மார்பை எடுப்பார்களோ? இல்லை, எடுக்காமல் விட்டு அது கெட்டதாக இருந்துவிட்டால்?

டாக்டரம்மா வந்ததும் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அவர் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டார்.

"மருந்துல எத்தன நாள் இருந்துச்சு?"

"சனி சாயந்தரத்துலேருந்து திங்க மத்தியானம் வரைக்கும்ங்க."

"கீறல் போட்டிருந்தாங்களா?"

"போட்டிருந்தாங்க."

"அப்ப அது அவ்வளவு சீக்கிரம் கெடாது. போய் எடுத்துட்டு வா. எடுக்காம திரும்பி வந்த, அந்தப் பாட்டில்ல உன்னப் போட்டு மூடிடுவேன்."

வெளியே வராண்டா பெஞ்சில் அந்தப் பெண்ணின் மாமியார் ரஹ்மத் பீவி உட்கார்ந்திருந்தார். ரிப்போர்ட் வந்துடுச்சா என்று கேட்க விடியற்காலையிலேயே வந்துவிடுவார். பெரிய குரல். அவர் குரலுக்குப் பயந்தே நான் பின் வாசல் வழியாகப் போவேன். அன்று முன் வாசல் வழியாகவே போய் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் எழுந்து நின்றார்.

"காசிம் பாயா? மேலத் தெரு காசிம் பாயா? அந்த ஆளுக்குச் செருப்பு வச்ச எடமே நெனவு இருக்காதே! கெளம்புங்க, கெளம்புங்க!" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார்.

5

புதுப் பாட்டிலில் மருந்து ஊற்றி மடியில் வைத்துக்கொண்டு நான் ஜன்னல் பக்கம் குறுகி உட்கார்ந்தேன். யாருக்கும் தெரியாமல் போய் வந்துவிடலாம் என்பது என் எண்ணம். பஸ் பெரம்பலூரைத் தாண்டவில்லை, ரஹ்மத் பீவி ஆரம்பித்துவிட்டார்.

"கண்டக்டரே, கொஞ்சம் அழுத்தச் சொல்லுங்க. எம் மருமவ கட்டி மண்ணுக்குள்ள கெடக்கு."

"என்ன கட்டி? தங்கக் கட்டியா?"

"தங்கம்னா நான் ஏன்யா பஸ்ஸுல வர்றேன்? ஆபரேசன் பண்ண கட்டி. இந்தா, இவங்கதான் மாத்திக் குடுத்துட்டாங்க."

பஸ் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. பாட்டிலுக்குள் நானே போய்விடலாம் போல இருந்தது. பின் சீட்டில் ஒருவர், "எறும்பு மொய்ச்சிருக்குமே?" என்றார். "அந்த மருந்து நெடிக்கு எறும்பு வந்துடுமா?" என்றது இன்னொரு குரல். ஒரு அம்மா எழுந்து வந்து என் தோளைத் தொட்டு, "வெசனப்படாதீங்க. எங்கூட்டுக்காரர் கல்யாணத்தப்ப தாலியவே மாத்தி எடுத்துட்டு வந்துட்டாரு, இப்ப நாங்க நல்லாத்தான் இருக்கோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது எனக்கு. கண்டக்டர் டிரைவரிடம் என்ன சொன்னாரோ, நடுவில் இரண்டு ஸ்டாப்பில் நிற்கவே இல்லை.

காசிம் பாய் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கையை உதறிவிட்டு எழுந்தார்.

"யா அல்லாஹ்! நான் ஓதி அடக்கம் பண்ணேனே!"

"ஓதுனது வீணாப் போவாது. என் மருமவளுக்குச் சேந்துச்சுன்னு வச்சுக்கிறேன். மம்புட்டிய எடுங்க" என்றார் ரஹ்மத் பீவி.

அடக்கம் செய்ததைத் தோண்டலாமா என்று அவருக்குத் தயக்கம். பள்ளிவாசலுக்குப் போய், அங்கே தொழவைக்கிற ஹஜரத்திடம் கேட்டுவிட்டு வந்தார். "உசுரோட இருக்கற புள்ளைக்கு ஒதவும்னா தாராளமா எடுங்க" என்று அவர் சொல்லிவிட்டாராம். காசிம் பாயும் அவர் மச்சான் ரவூப்பும் கபர்ஸ்தானுக்குள் போனார்கள். நாங்கள் பெண்கள் சுவருக்கு வெளியே நின்றோம். தெருவில் இருந்த பெண்களும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தார். குற்றம் செய்தவளுக்கு டீ கொடுக்கிற ஊரை நான் அன்றுதான் பார்த்தேன்.

உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"வேப்ப மரத்துக்கு மேக்க மூணு எட்டு வச்சேன்."

"ரெண்டுதான் மச்சான். மூணாவது எட்டுல உங்க செருப்பு கழண்டுக்கிச்சு, நின்னுட்டீங்க."

"கழண்டது வர்றப்பய்யா!"

"போறப்பதான். நான்தான மாட்டி வுட்டேன்?"

ரஹ்மத் பீவி சுவர் மேலே எட்டிக் கத்தினார். "பேசிக்கிட்டே இருங்க, கியாமத் நாளு வந்துடும்! ரெண்டு எடத்துலயும் தோண்டித் தொலைங்க!" கியாமத் என்றால் உலகம் முடிகிற நாளாம்.

முதலில் தோண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. எனக்கு வாய்க்குள் ஜெபம் ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டாவது இடத்தில் மண்வெட்டிச் சத்தம் நின்றது. பிறகு காசிம் பாய் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். வெள்ளாற்றங்கரை மண், நல்ல மணல். துணி ஈரம் காய்ந்து அப்படியே இருந்தது. என் முடிச்சை நானே அவிழ்த்தேன். காஸையும் பிரித்தேன். பிரித்துப் பார்ப்பது மரியாதையில்லை என்ற எண்ணத்தை அந்தச் சுவரோரத்திலேயே விட்டுவிட்டேன். உள்ளே சீட்டு இருந்தது. பென்சில் எழுத்து கொஞ்சமும் அழியவில்லை. நூற்றுப் பன்னிரண்டு. கட்டியும் அதன் கீறலோடு, உறைந்தபடி, முழுசாக இருந்தது. மருந்துக்குள் இறக்கி மூடினேன்.

திரும்பிப் போனபோது டாக்டரம்மா திருச்சி பஸ்ஸை விட்டுவிட்டுக் காத்திருந்தார். பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். "ம்" என்றார். அவ்வளவுதான். உட்கார்ந்து வெட்டிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். வாசலில் நின்று, "வியாழக்கிழம வர்றேன். ரெடியா இருக்கணும்" என்றார். அது அவர் வருகிற நாள் இல்லை.

6

ஸ்பிரிட்டிலும் மெழுகிலும் அது ஊறுவதற்கு இரண்டு நாள் ஆகும். அதை அவசரப்படுத்த முடியாது. அதற்குள் இங்கத்திக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் இரண்டாவது தடவை கைரேகைக்குப் போனோம். அதே அம்மாதான். என் விரல்களில் ஏதோ களிம்பு தடவித் தேய்த்துவிட்டார். தேய்க்கும்போது என்னிடமே நேராக, என்ன வேலை என்று கேட்டார். ஸ்டெல்லா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "ஹாஸ்பிடல். பாடி கட்டிங். ஸ்மால் ஸ்மால் பீஸ்" என்றேன். அந்த அம்மா என் கையை விட்டுவிட்டார். பக்கத்து மேஜையில் இருந்தவர் எழுந்தே நின்றுவிட்டார். ஸ்டெல்லா தலையில் அடித்துக்கொண்டு சிரிக்கிறாள், சிரிக்கிறாள், பேச முடியவில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கிச் சொன்னாள். நான் எழுதி வைத்திருந்ததை முதல் நாள் அவளிடம் படித்துக் காட்டியிருந்தேன், அதனால் சொல்லத் தெரிந்தது. அந்த அம்மா பாரத்தை எடுத்து, "ஹவுஸ் வொய்ஃப்" என்பதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பேனாவை ஸ்டெல்லாவிடம் நீட்டினார். கட்டத்தில் இடம் பத்தவில்லைதான். மேலே ஏற்றி எழுதினாள். ரேகை என்னவோ அன்றும் ஆறு விரல்தான் வந்தது. பரவாயில்லை, ரேகைக்குப் பதிலாக வேறு காகிதம் கேட்டு எழுதுவார்களாம்.

கெவின் அன்று இரவு என் விரலைத் தொட்டுப் பார்த்தான். தன் விரலையும் பார்த்தான். "போ?" என்றான். போய்விட்டதா என்று கேட்கிறான். ஆமாம் என்றேன்.

7

வியாழக்கிழமை காலையில் ரிப்பன் சீவினேன். ஒரு மணல் துகள் இருந்தாலும் கத்தி பட்டு ரிப்பன் கிழிந்துவிடும். கிழியவில்லை. சாயம் கொடுத்து நாலு கண்ணாடி காயவைத்தேன். டாக்டரம்மா வந்து உட்கார்ந்து மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார்.

எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியவில்லை. கண்ணை எடுக்கவே இல்லை. இடது கை மட்டும் கண்ணாடியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டிருந்தது. முதல் கண்ணாடி, இரண்டாவது, மூன்றாவது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வராண்டாவில் ரஹ்மத் பீவி யாரையோ அதட்டுகிற சத்தம் கேட்டது. நாலாவதையும் பார்த்து முடித்துவிட்டு நாற்காலியைத் தள்ளினார்.

"லூர்து, இங்க வந்து பாரு."

அதுவரை ஒரு தடவைகூட அவர் என்னைப் பார்க்கச் சொன்னதில்லை. குனிந்து பார்த்தேன். ரோஸ் நிற வெளியில் ஊதாப் புள்ளிகள். பாய் விரித்த மாதிரி ஒழுங்காக இருந்தன.

"வரிசை கலையாம நிக்குது பாத்தியா? கெட்டதுன்னா கண்டபடி ஓடியிருக்கும். இது ஓடல. சாது. எடுத்துப் போட்டதோட சரி, அந்தப் பொண்ணுக்கு இனிமே ஒண்ணுமில்ல."

"மண்ணுல கெடந்தது..."

"ஓரத்துல கொஞ்சம் அழுக்கு. அவ்வளவுதான். பெரிய டாக்டருக்கு போன் பண்ணிட்டேன். போ, நீதான குடுத்த, நீயே போய்ச் சொல்லிட்டு வா."

வராண்டாவில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். அந்தப் பெண் பாத்திமா வார்டிலிருந்து வந்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். ரஹ்மத் பீவி நின்றுகொண்டிருந்தார். காசிம் பாயும் வந்திருந்தார், தன் மனைவியுடையதை வாங்கிப் போக. நான் வாசலில் நின்றேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வாழ்நாளில் அப்படிச் சத்தமாகப் பேசியதில்லை.

"ஒண்ணுமில்லம்மா! சும்மா கட்டிதான்! மாரை எடுக்க வேணாம்!"

பஸ் முழுக்கப் பேசிய ரஹ்மத் பீவிக்கு ஒரு வார்த்தை வரவில்லை. மெதுவாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். காசிம் பாய் "அல்ஹம்துலில்லாஹ்" என்று கையைத் தூக்கினார். அந்தப் பெண் மாமியாரைப் பார்த்தாள். இத்தனை நாள் பேசாத பெண், முதலில் மெதுவாக, பிறகு அடக்க முடியாமல் சிரிக்க ஆரம்பித்தாள். "மாமி வாய மூடிட்டாங்க... மாமி வாய மூடிட்டாங்க" என்கிறாள். "அய்யோ, சிரிச்சா தையல் இழுக்குது" என்று மார்பைப் பிடித்துக்கொண்டு, திரும்பவும் சிரிக்கிறாள். மடியில் இருந்த குழந்தைக்கு ஒன்றும் புரியவில்லை, அதுவும் சிரித்தது. அவள் கை பிடித்திருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மார்பு இரண்டு பக்கமும் இருந்தது.

காசிம் பாய்க்கு அவருடையதை எடுத்து வந்தேன். பேர் கேட்டேன், வயது கேட்டேன், சீட்டில் நம்பரைக் காட்டினேன், காஸைப் பிரிக்கப் போனேன்.

"வேணாம்மா, நான் நம்புறேன்" என்றார்.

"நான் நம்பல பாய். நீங்க பாருங்க" என்றேன்.

பார்த்தார். அந்தப் பெண்ணின் மிச்சத்தையும் அவரே வாங்கிக்கொண்டார், பழைய இடத்திலேயே வைத்துவிடுவதாகச் சொல்லி. ரெண்டு எட்டா மூணு எட்டா என்று நான் கேட்கவில்லை.

நான் எழுதியதில் பிசகு இருக்கலாம். அது தொண்ணூற்றெட்டா, அதற்கு அடுத்த வருஷமா, நாங்கள் ஏறியது திட்டக்குடி பஸ்ஸா வேறு பஸ்ஸா, டீ கொடுத்த அம்மாவின் பேர் என்ன, எதுவும் எனக்கு நிச்சயமில்லை. லப்பைக்குடிக்காட்டுப் பக்கம் போகிறவர்கள் யாராவது ரஹ்மத் பீவி வீட்டைக் கேட்டுப் போய், இதைப் படித்துக் காட்டிச் சரிபார்த்துக் கொடுக்க வேண்டும். அவர் வேறு மாதிரி சொன்னால் நான் எழுதியதை அடித்துவிட்டு அவர் சொல்வதையே போடுங்கள். அன்று வராண்டாவில் பேச்சு வராமல் உட்கார்ந்ததை மட்டும் அவர் நிச்சயம் இல்லை என்பார். அதை மருமகளிடம் கேளுங்கள்.